அண்டாக் கரி

மனிதகுலத்தின் முன்னேற்றம், திண்டுக்கல் பேகம்பூரில், நர்கீஸ் பிரியாணிக் கடை அண்டாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அந்தக் கரியைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். கார்பன் நானோ குழாய்! முடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. எடைக்கு எடை எஃகு அதன் பக்கத்தில் நிற்காது. விறகுப் புகை, இரும்பு அடுப்பின் துகளைப் பற்றிக்கொண்டு, அந்தச் சூட்டில் தானே குழாயாக வளர்ந்திருந்தது.

மறுநாளே மீநுண்பொருள், அதாவது நானோப் பொருள், அதிகாரி பழனிக்குமார் கடைக்காரி நர்கீஸின் முன் எழுந்தருளினார்.

"பாருங்கம்மா, அண்டாவை இனி யாரும் தேய்க்கக் கூடாது. இது உற்பத்திக்கூடம்."

"சார், ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி நுஸைபாவுக்கு நிக்காஹ். இந்த அண்டாலதான் பிரியாணி."

"இங்க உற்பத்தி ஆகுறது கரி. பிரியாணி உபபொருள். அதுக்கு அனுமதி இருக்கா?"

"இல்லையே."

"அப்ப அது கழிவு. முறைப்படி அகற்றணும்."

மூடி விலகி, சீரகச் சம்பா மணம் வந்தது. அதிகாரி கண்ணை மூடி யோசித்தார். "வாய் வழியா அகற்றலாம். விதியில தடை இல்ல. ஆனா அகற்றுறவங்க கழுத்துல துப்புரவுப் பணியாளர் அட்டை இருக்கணும்."

இதற்குள் ஊரில் கரி மோகம். சார்ஜ் நிற்குமென்று செல்போன் முதுகில் பூசினார்கள். நீரை வடிகட்டுமென்று படித்தவர்கள் குடத்தில் போட்டார்கள். தண்ணீர் கறுப்பாகச் சுத்தமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, அதிகாரி வாசலில் நீட்டிய அட்டையைப் பார்த்து மாப்பிள்ளையின் மாமா கிதர் முகம்மது நர்கீஸிடம் கொதித்தார்.

"ஏம்மா, சம்பந்தி வீட்டு ஆளு நான். என்னையப் போயி குப்பை அள்ள விட்டுட்டியே?"

"செத்த நேரம் பொறுத்துக்கங்க மாமா. அட்டை போட்டாத்தான் சாப்பாடு. கல்யாணம் நின்னுரக் கூடாது."

போட்டுக்கொண்டார். அழைக்காத ஊரும் அட்டையோடு வந்து அமர்ந்தது, நாங்களும்தான். பணியாளர் மொய் வைப்பது முறையல்ல என்று கண்டுபிடித்து, அந்த முறையை ஒருவர் விடாமல் காத்தோம்.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. பந்திக்குப் பிறகு, இலை அள்ள நகராட்சியிலிருந்து கௌசல்யா வந்தாள்.

"அக்கா, எனக்குக் கொஞ்சம் இருக்குமா?"

நர்கீஸ் கரண்டியை எடுத்தாள். அதிகாரி கை நீட்டினார்.

"அட்டை?"

"எத்தனையோ வருசமா தற்காலிகந்தான் சார். அட்டை குடுக்கல."

"அப்ப நீ கழிவைத் தொடக் கூடாதும்மா."

அவள் எங்கள் கழுத்துகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து எங்கள் எச்சில் இலைகளை அள்ளத் தொடங்கினாள்.

அதை யாரும் தடுக்கவில்லை.