சத்தம் தின்னும் தரை

மனித நாகரிகம் தலைக்குள்ளே வளர்கிறது என்று சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். அது காலுக்குக் கீழே வளர்வது. ஆதாரம் வேண்டுவோர் நடு ஜாவாவில் உள்ள கராங்செமி தொடக்கப் பள்ளிக்கு வந்து பார்க்கலாம். செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட வேண்டும்.

அந்தப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை இபு வினார்சி; ‘இபு’ என்றால் அங்கே அம்மா. அவர் தலைக்கு மேலே, மரப்பலகை மாடியில், ஐந்தாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள் நாற்பது நாற்காலிகளை இழுப்பார்கள். ஆகஸ்டு பிறந்துவிட்டால் சுதந்திர தின அணிவகுப்பையும் அங்கேயே பழகுவார்கள். இருபத்தாறு வருடமாக அந்த இடியை எதிர்த்துக் கத்திக் கத்தி வினார்சியின் தொண்டை நைந்துபோயிருந்தது. சுகாதார நிலைய மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார்.

"இன்னும் மூணு மாசம் இப்படிக் கத்தினீங்கன்னா, இபு, அப்புறம் விசில் ஊதித்தான் பாடம் நடத்தணும்."

வினார்சிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எழுத்தைப் பாட்டாகப் பாடிச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வித்தை தெரியாது. நேரே தலைமையாசிரியர் பாக் மர்தோயோவிடம், அதாவது மர்தோயோ ஐயாவிடம், போனார்.

"மாடியில ஒரு ரப்பர் விரிப்புப் போட்டா போதும், பாக். சந்தையில சுருளாவே விக்கிறான். நானே வண்டியில கட்டிக் கொண்டாந்துடறேன்."

மர்தோயோ பதறினார். "இபு, மெதுவா! ஒரு தரையைத் தனி ஆளா முடிவு பண்றதா? அப்புறம் கமிட்டின்னு ஒண்ணு எதுக்கு? கலந்து பேசணும். எல்லாரும் ஒருமனசாத் தலையாட்டணும்."

"ஆட்ட எத்தனை நாளாகும்?"

"அது அவங்கவங்க தலையைப் பொறுத்தது."

பதினொரு பேர் கொண்ட அந்தக் கமிட்டிக்குத் தலைவர், ஓய்வு பெற்ற வட்டார அதிகாரி பாக் சூத்திக்னோ. முக்கால் மணி நேரத்துக்குக் குறைவாக வரவேற்புரை ஆற்றினால் வந்தவர்களை அவமதித்ததாகும் என்பது அவர் கொள்கை. கை தூக்கி ஓட்டெடுப்பது அவருடைய கமிட்டியில் ‘முரட்டுத்தனம்’. ஒரு தலை ஆடாவிட்டாலும் மறு கூட்டம். மறு கூட்டம் என்றால் ஆளுக்கொரு தின்பண்டப் பெட்டி. பெட்டியில் தோஃபு என்னும் பொரித்த சோயாக் கட்டி, அதற்குத் துணையாக ஒரு பச்சை மிளகாய். ஆகவே தலைகள் அவசரப்படவில்லை.

முதல் கூட்டத்தில், தரை என்பது கீழே இருப்பது என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்பட்டது. இரண்டாவது கூட்டத்தில் உறுப்பினர் இபு தார்யாதி அறிவியல்பூர்வமான ஐயம் ஒன்றை எழுப்பினார்.

"விரிப்பு உறிஞ்சின சத்தமெல்லாம் எங்க போய்ச் சேரும்? உள்ளயே தங்கிப்போய், மழைக்காலத்துல நனைஞ்சு, மொத்தமா வெளிய வந்துட்டா?"

"அடேயப்பா! இதை இங்க உக்காந்து தீர்மானிக்க முடியாது" என்றார் சூத்திக்னோ. "வேற இடத்துத் தரையைப் பார்த்து வர ஒப்பாய்வுப் பயணம் போயே ஆகணும்."

கமிட்டி பஸ் பிடித்து, முன்னால் பதாகை கட்டி, கடற்கரை விடுதி ஒன்றுக்கு மூன்று நாள் ‘ஒப்பாய்வு’ செய்யப் போயிற்று. வினார்சி போகவில்லை. யாராவது ஒருவர் பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமே.

திரும்பி வந்ததும் சூத்திக்னோ அறிக்கை வாசித்தார். "மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் விடுதியோட கம்பளத்துல எல்லாரும் சம்மணம் போட்டு உக்காந்தோம். பத்தாவது நிமிஷத்துல பத்து பேரு தூங்கிட்டாங்க. ‘யாருக்காவது ஆட்சேபணை உண்டா’ன்னு மூணு தடவை கேட்டேன். ஒரு சத்தம் கேக்கல. உறிஞ்சும் திறன் நிரூபணமாயிடுச்சு!"

பதினொரு தலைகளும் ஆடின. தேர்வானது விடுதியில் கிடந்த அதே ரகம்: அடியில் பஞ்சு வைத்த, கணுக்கால் புதையும் வெள்ளைக் கம்பளம்.

"வெள்ளையா?" வினார்சியின் குரல் அதற்குள் பாதியாகியிருந்தது. "நாப்பது பிள்ளைங்க காலு, பாக். சேறும் சகதியுமா..."

"அதான் திறப்பு விழா வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம்ல" என்று மர்தோயோ ஆறுதல் சொன்னார். "ரிப்பன் வெட்டாத தரையில நடக்கிறது மரியாதை இல்லை."

மாடியில் கம்பளம் விரித்தாயிற்று; கல்வித்துறைப் பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. அவர் நான்கு முறை தேதி மாற்றினார். பள்ளியில் காலி அறை வேறு கிடையாது. அதுவரை ஐந்தாம் வகுப்பை எங்கே வைப்பது? கீழே, ஒன்றாம் வகுப்பிலேயே வைத்தார்கள். தலைக்கு மேலே இடித்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் இப்போது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடித்தார்கள். மாடியில் ஊசி விழுந்தால்கூடக் கேட்கவில்லை. ‘மேல்மாடி இரைச்சல் நூற்றுக்கு நூறு ஒழிந்தது’ என்று மர்தோயோ படத்தோடு அறிக்கை அனுப்பினார்.

தன் வகுப்பின் முப்பத்திரண்டு பேரோடு சேர்த்து எழுபத்திரண்டு பிள்ளைகளுக்கும் மேலாக வினார்சி கத்தினார். ஒரு வாரம் கரகரத்தது. அடுத்த வாரம் கிசுகிசுத்தது. மருத்துவர் சொன்ன கெடு முடியும் நாளில், ஐந்தாவது முறையாகக் குறித்த தேதிக்கு, அதிகாரி வந்தே விட்டார்.

ரிப்பனை வெட்டினார். கம்பளத்தில் நாலடி நடந்தார். கண்ணை மூடி, "அடடா, கோயில் மாதிரி இருக்கே!" என்றார். "இவ்வளவு அருமையான அறையில போய்ப் பிள்ளைங்களை விடுவாங்களா? விருந்தாளிங்க வந்தா உக்கார வைங்க."

பதினொரு தலைகளும் உடனே ஆடின. கமிட்டி வரலாற்றில் இவ்வளவு விரைவான முடிவு எடுக்கப்பட்டதே இல்லை.

"இந்த யோசனையை முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டார் அதிகாரி. வினார்சியை முன்னால் தள்ளினார்கள். ‘அப்போ என் பிள்ளைங்க?’ என்று கேட்க அவர் வாய் திறந்தார். காற்று வந்தது. இன்னொரு முறை முயன்றார். உதடு அசைந்தது, கண்ணில் நீர்தான் வந்தது.

சூத்திக்னோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, பாக்? பக்கத்துல நின்னு பேசறாங்க, ஒரு சத்தம் கேக்குதா? முதல் தரமான சரக்கு!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

கம்பளத்தைக் குறை சொல்லக் கூடாது. பாவம், காலடிச் சத்தத்துக்கு மேல் எதையும் விழுங்க அதற்குத் தெரியாது. ஒரு ஆசிரியையின் குரலை விழுங்க வேண்டுமென்றால், தலையாட்டத் தெரிந்த பதினொரு பெரிய மனிதர்கள் வேண்டும்.