ஒரே ஒரு டிக்கெட்

நாற்பத்தொன்பதாவது வயதில் நான் வீரன் ஆனேன். அதற்கு முந்தைய நாற்பத்தெட்டைப் பற்றி யாரும் விசாரிக்க வேண்டாம்.

சாதாரண வீரம் இல்லை. மனைவிக்குத் தெரியாமல் ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போவது என்று முடிவு செய்தேன். தனியாக. முடிவு செய்த கையோடு ஒரு டிக்கெட்டும் வாங்கிவிட்டேன்.

பாடுகிறவர் ஏஷிம் கராகுலோவ். நாரின் என்ற மலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். அவரே எழுதுவார், அவரே மெட்டுப் போடுவார், ஒரு கிதாரை மடியில் வைத்துக்கொண்டு அவரே பாடுவார். பிஷ்கெக் நகரத்து ரொட்டி ஆலையில் இரவு முறை பார்க்கிற எனக்குப் பதினாறு வருடமாக அவர்தான் துணை. ஒரு காதில் மூன்றாம் நம்பர் அடுப்பின் இரைச்சல், மறு காதில் ஏஷிம். ஊரே தூங்கும்போது விழித்திருந்து பிழைக்கிறவனுக்குத்தான் தெரியும், ஒரு குரல் எவ்வளவு பெரிய ஆள்துணை என்று.

ஆனால் ஆளை நேரில் பார்த்தது கிடையாது. மலையை விட்டு இறங்கவே மாட்டார். அப்படிப்பட்டவர் ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்கு, மருந்துக்கடைக்குக் கீழே இருக்கிற நிலவறை கிளப்பில் பாடப்போகிறார். மொத்தம் நாற்பதே நாற்காலி. மூச்சு விட்டால் மேடையில் படும்.

மனைவியை ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்பீர்கள். என் மனைவி புரூல் மேற்குப் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை பார்க்கிறாள். பயணி ஒரு கேள்வி கேட்டால் அவள் ஒன்பது கேட்பாள். "ஓஷ் பஸ் எத்தனை மணிக்குங்க?" "ஓஷா? ஓஷ்ல எந்தத் தெரு? அப்பா யாரு? அம்மா பொறந்த ஊரு எது?" அம்மா பிறந்த ஊர் வருவதற்குள் பஸ் போய்விடும். இதே பழக்கம் சினிமாவிலும் உண்டு. இழவு வீட்டிலும் உண்டு. போன வருடம் ஒரு இழவு வீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு கல்யாணம் முடித்துவைத்தாள்.

தவிர, ஏஷிமைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான்: "இவரு மாடு ஏதாச்சும் செத்துப்போச்சா? எதுக்கு இப்படி அழுவுறாரு?"

நாற்பது நாற்காலிக்கு நடுவே இப்படி ஒரு கேள்வி எழுந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? டிக்கெட்டை என் குளிர்காலப் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்தேன். ஏப்ரல் மாதத்தில் அதை யார் தொடப்போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை தேநீர் குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"புரூல், ஞாயித்துக்கிழமை ஆலையில பெரிய சுத்தம். எல்லாரும் சேர்ந்து அடுப்பெல்லாம் கழுவணுமாம். வராதவங்க பேரை வாசல்ல எழுதி ஒட்டுவாங்களாம்."

"நீங்க கட்டாயம் போகணுமா?"

"மூணாம் நம்பர் அடுப்பு என்னைத் தவிர யாருக்கும் அடங்காது."

"பரவாயில்லையே, ஒண்ணாவது உங்களுக்கு அடங்குதே." கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா ஞாயித்துக்கிழமை மதியம் வீட்டுக்கு விருந்தாளி வர்றாருங்க. உங்க ஜியென்."

நானும் கோப்பையைக் கீழே வைத்தேன். ஜியென் என்றால் எங்கள் வம்சத்தில் பிறந்த பெண் வேறு வம்சத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் பெற்ற பிள்ளை. தாய்மாமன் வீட்டுக்கு வந்தால் கண்ணுக்குப் பிடித்ததை அவன் கேட்கலாம். நாம் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுக்க வேண்டும். கடைசியாக வந்த ஜியென் என் ரேடியோவைக் கொண்டுபோனான். அதற்கு முன்னால் வந்தவன் தூண்டிலை. என் வம்சத்துப் பெண்கள் ஒரு பெண்ணையாவது பெற்றார்களா என்றால் இல்லை. அத்தனையும் ஆண்பிள்ளை. அத்தனை பேருக்கும் என் வீட்டு விலாசம் தெரியும்.

"எந்த ஜியென்?"

"மலைப்பக்கத்துலருந்து. உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாரில்ல, அவரோட கொள்ளுப்பேத்தி மகன். ஏழு தலைமுறைப் பேரை நீங்க மறந்துட்டீங்க, நானாச்சும் ஞாபகம் வெச்சிருக்கேன்."

"அப்ப ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது. நீயே கவனிச்சு அனுப்பிடு."

"நல்லாப் பாடுவாராம்."

"எந்த ஜியென் பாடல? எதையாச்சும் கேட்கறதுக்கு முன்னாடி எல்லாரும் நல்லாத்தான் பாடுவாங்க."

புரூல் எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினாள். "சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு மேல கிளம்பலாமே."

"காலையில எட்டுக்கே வரச் சொல்லிட்டாங்க."

சனிக்கிழமை மறுபடி கேட்டாள். ஞாயிறு காலை மூன்றாவது முறையாகக் கேட்டாள். அடுப்பில் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. வீடே மணத்தது. நான் அசையவில்லை. வீரன் என்று சொன்னேன் அல்லவா?

ஏஷிமைப் பார்க்கப் போகும்போது என் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அலமாரிப் பக்கம் கையை நீட்டினேன்.

"அடுப்பு கழுவறதுக்குக் கோட்டு எதுக்குங்க?"

நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன். அவள் பழைய நீல அங்கியை எடுத்துத் தந்தாள். ரப்பர் பூட்ஸ் தந்தாள். ஒரு வாளி, ஒரு பிரஷ், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு அவித்த உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம். "நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க," என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

மணி எட்டு. கச்சேரி நாலுக்கு. கையில் வாளி.

பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். வசந்தகாலத்தில் எங்கள் ஊரில் மரங்களுக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்த நேரத்தில் அந்தப் பூங்காவில் வாளியும் பிரஷுமாக ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காதது என் தப்பு. ஆரஞ்சுச் சட்டை போட்ட நகராட்சி அம்மாள் ஒருத்தி இடுப்பில் கைவைத்து எதிரே வந்து நின்றாள்.

"இப்பதான் வர்றியா? மத்தவங்கல்லாம் ஏழு மணிக்கே வந்தாச்சு. எந்திரி, அந்த வரிசை உன்னோடது."

"நான் இல்லீங்க, நான் வந்து..."

"வாளி எதுக்கு வெச்சிருக்கே? ஆடு கறக்கவா?"

என் வாழ்க்கையில் எந்தப் பெண்ணை எதிர்த்துப் பேசி ஜெயித்திருக்கிறேன், இவளை ஜெயிக்க? பதினோரு மரம். பொய்யாகச் சொன்ன வேலை மெய்யாக வந்து சேர்ந்தது. பன்னிரண்டாவது மரத்துக்கு அவள் திரும்பிய சமயம் பார்த்து நழுவினேன்.

நாலு மணிக்குக் கிளப் வாசலில் நின்றபோது என் தலைமுடி, புருவம், ஒரு காது எல்லாம் வெள்ளை. டிக்கெட் பார்க்கிற பெண் என் வாளியைப் பார்த்தாள்.

"குழாய் ஒழுகறது வலது பக்கம், கடைசிக் கதவு."

காலையிலேயே பூட்ஸிலிருந்து எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசி வரிசையில், கோட்டு மாட்டுகிற கம்பத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலியைக் காட்டினாள். போதும். ராஜா மாதிரி உட்கார்ந்தேன். வாளியைக் காலுக்கடியில் தள்ளினேன்.

விளக்கு மங்கியது. கிதாரோடு ஏஷிம் வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். நான் நினைத்ததைவிட வழுக்கை. அழகான மனுஷன்! பதினாறு வருடக் குரலுக்குக் கையும் காலும் முளைத்து நடந்து வருகிறது. என் கண் கலங்கியது.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அவர் போட்டிருந்த கோட்டு எனக்குப் பழக்கப்பட்டதாகத் தெரிந்தது. சாம்பல் நிறம். இரண்டாவது பட்டன் மட்டும் பழுப்பு, கறுப்பு நூலால் தைத்தது. அந்தப் பட்டனைத் தைத்தவன் நான்.

ஏஷிம் மைக்கின் முன்னால் சிரித்தார். "கோட்டு எப்படி இருக்கு? இன்னிக்கு மதியம் என் தாய்மாமன் வீட்டுல சாப்பாடு. இப்படி ஒரு மாமா இந்த ஊர்ல இருக்கார்னே வியாழக்கிழமைதான் தெரியும். எனக்கு எதுவும் வேணாம்னுதான் சொன்னேன். அத்தைதான் விடாம அலமாரியைத் திறந்து காட்டினாங்க."

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில், கச்சேரிக்காரர் காலடியில், கருஞ்சிவப்பு வெல்வெட் உடுப்பில் ஒரு பெண் எழுந்து நாலு பக்கமும் தலையசைத்தாள். புரூல்.

"மாமாவைத்தான் பார்க்கக் கொடுத்து வைக்கல," என்றார் ஏஷிம். "ஞாயித்துக்கிழமைகூட விடுப்பு எடுக்காம ரொட்டி ஆலையில அடுப்பு கழுவிட்டிருக்கார். உழைக்கிற மனுஷன்!"

அதற்கும் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் என்னைவிடப் பலமாகத் தட்டினார். நான் கம்பத்தில் தொங்கிய யாரோ ஒருவருடைய மழைக்கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். முதல் ஆறு பாட்டை அந்தக் கோட்டு வழியாகத்தான் கேட்டேன். அப்படியும் நன்றாகவே இருந்தது.

இடைவேளை விட்டார்கள். எல்லோரும் தேநீருக்குப் போனார்கள். வெல்வெட் உரசும் சத்தம் கம்பத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"அடுப்பு முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சுது."

"அடுப்புக்கு யாராச்சும் சுண்ணாம்பு அடிப்பாங்களா?"

மழைக்கோட்டை விலக்கி வெளியே வந்தேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை. ஏப்ரல் மாசம் பூட்ஸை எல்லாம் வெயில்ல காயப்போடறது யாருன்னு நெனச்சீங்க? உங்க மூணாம் நம்பர் அடுப்பா?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்கலாம்னுதான். பூட்ஸை உதறினேன், ஒரு டிக்கெட் விழுந்துது. சரி, இன்னொண்ணு இதுல இருக்கும்னு அடுத்த பூட்ஸையும் உதறினேன்." கையை உதறிக் காட்டினாள். "மண்ணுதான் விழுந்துது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அந்த இடத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ரெண்டாவது டிக்கெட்டை நானே வாங்கிக்கலாம்னு இங்க போன் பண்ணேன். எல்லாம் வித்துப்போச்சுன்னாங்க. போன் பண்ணது வீணாகக் கூடாதேன்னு, பாடறவரோட அம்மா பொறந்த ஊரு எதுன்னு கேட்டேன்."

"கேட்டு?"

"கொச்கோர்னாங்க. கொச்கோர்ல எந்த வம்சம்னு கேட்டேன். அவரு நம்பரையே கொடுத்துட்டாங்க. ஒரு மணி நேரம் பேசினோம். உங்க ஆளுங்கன்னு தெரிஞ்சதும் அந்தப் பிள்ளைக்குக் குரலே தழுதழுத்துப்போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை பேரைச் சொல்லக்கூடாதா?"

"மூணு நாளு, மூணு தடவை இருங்கன்னு சொன்னேன். ஒரு தடவையாச்சும் வர்றவர் பேரு என்னன்னு கேட்டீங்களா? நீங்க உட்கார்ற இடத்துலதான் உட்கார்ந்தாரு. உங்க தட்டுலதான் சாப்பிட்டாரு. புதுசா எழுதின நாலு பாட்டு பாடினாரு. இன்னும் யாருக்கும் பாடிக் காட்டலையாம்." என் புருவத்தில் காய்ந்திருந்த சுண்ணாம்பை விரலால் சுரண்டினாள். "உருளைக்கிழங்கு போதுமா இருந்துதா?"

பதில் சொல்வதற்குள் இடைவேளை முடிந்ததாக மணி அடித்தார்கள். முன்வரிசைக்குத் திரும்பிப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் வாளியை இழுத்துக் கவிழ்த்து, வெல்வெட்டைச் சுருட்டிக்கொண்டு அதன்மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏஷிம் என்னுடைய பாட்டைப் பாடினார். 'நாலாவது மாடி விளக்கு'. இரவு வேலை முடிந்து விடியலில் வருகிறவன் ஒரே மாதிரி நிற்கிற எட்டுக் கட்டடங்களுக்கு நடுவே தன் வீட்டு ஜன்னலைத் தேடுகிறான். எல்லா ஜன்னலும் இருட்டு. ஒன்றில் மட்டும் யாரோ தேநீர் வைக்க எழுந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. பதினாறு வருடமாக வேலையிலிருந்து வந்ததும் சமையலறையில் போட்டுக் கேட்கிற பாட்டு அது. நான் மட்டும்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புரூலின் உதடு ஒரு சொல் விடாமல் அசைந்தது. சத்தமே இல்லை. பாட்டு முடியும்வரை யாரிடமும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

அந்த நாலு நிமிடத்தை யாரும் என்னிடமிருந்து கேட்டு வாங்கிப் போக முடியாது. கோட்டுப் போனால் போகட்டும். அவருக்குத்தான் தோள் சரியாகவும் இருந்தது.

கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்ததும் புரூல் குரல் கொடுத்தாள். "ஏஷிம், இங்க வாப்பா. மாமா வேலை முடிஞ்சு நேரா வந்து, பின்னாலயே உட்கார்ந்து கேட்டிருக்காரு பாரு!"

ஏஷிம் கராகுலோவ் ஓடிவந்தார். சுண்ணாம்பைக்கூடப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று பதினாறு வருடமாக ராத்திரி ராத்திரியாகத் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மாமா, அத்தை எல்லாம் சொன்னாங்க. பாட்டுன்னாலே உங்களுக்குப் பிடிக்காதாம். கிதார் சத்தம் கேட்டாலே மண்டையைப் பிளக்குமாம். அதனாலதான் மதியம் நீங்க வீட்டுல இல்லைன்னு நானாவே புரிஞ்சுக்கிட்டேன், தப்பா எடுத்துக்கல. அப்படியிருந்தும் எனக்காக வந்து கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தீங்களே, மாமா! சொந்தம்னா இதுதான்."

நான் புரூலைப் பார்த்தேன். புரூல் கூரையைப் பார்த்தாள். பாட்டுதான் என் உயிர் என்று சொன்னால், பிறகு ஏன் மதியம் வீட்டில் இல்லை என்று கேட்பார். அதற்கான பதில் பூட்ஸுக்குள் ஒளித்த ஒரே ஒரு டிக்கெட். அந்தப் பதில் புரூலிடம்தான் இருந்தது. அவள் அதைச் சொல்லவும் தயாராக இருந்தாள்.

ஏஷிமின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"பரவாயில்ல தம்பி. அவ்வளவா வலிக்கல."