எனக்கு வைத்த மருந்து

சந்தேகப்படுவதில் எனக்கு ஈடு விழுப்புரம் மாவட்டத்திலேயே கிடையாது. பஸ் முகப்பில் 'திண்டிவனம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் கண்டக்டரிடம் கேட்பேன். அவர் ஆமாம் என்றால் பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பேன்.

அப்படிப்பட்ட என்னிடம், புனேயில் வேலை பார்க்கும் என் தம்பி செந்தில், மேகா என்ற மராத்திப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசை என்று போனில் சொன்னான். அவள் வீட்டுச் சாப்பாட்டையும் புகழ்ந்து தள்ளினான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். "நீ வந்து பாருக்கா. நீ வேணாம்னா வேணாம்" என்றான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மருந்து. (சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஆளை மயக்குவார்களே, அந்த வசிய மருந்துதான். பின்னே, காரக் குழம்புக்கே காரம் போதாது என்பவன், பருப்பில் வெல்லம் போடுகிற வீட்டுச் சமையலைப் புகழ்வானா?) அங்கே எதையும் வாயில் வைப்பதில்லை என்ற முடிவோடு, ஒரு பை வறுத்த மல்லாட்டையை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) தூக்கிக்கொண்டு ரயிலேறினேன்.

போன மறுநாளே மேகாவும் அவள் அம்மாவும் எங்களை ஒரு மலைக்குக் கூட்டிப்போனார்கள். அடுக்கடுக்காகக் கறுப்புப் பாறை. திடீரென்று கத்தியால் அறுத்த மாதிரி செங்குத்தான பள்ளம். எட்டிப் பார்த்தால் காலுக்குக் கீழே மேகம்.

"எரிமலைக் குழம்பு ஆறி உறைஞ்ச பாறைக்கா இது" என்றான் தம்பி.

"எரிமலைன்னா புகை எங்கடா?"

செஞ்சி மலையைப் பார்த்து வளர்ந்தவளிடமா கதை விடுகிறான்? சூடு இருக்கிறதா என்று பாறையைத் தொட்டும் பார்த்தேன். (ஜில்லென்று இருந்தது. என் சந்தேகம் உறுதியானது.)

"இங்க காத்து கீழேர்ந்து மேல அடிக்கும்க்கா. அதோ பாரு, அருவியே மேல பறக்குது."

"அது பனிடா. அவங்க இன்னா சொன்னாலும் நம்பிக்கினு இருக்க. மருந்து வச்சிட்டாங்க உனக்கு. வந்ததுலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன்."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற மேகா சிரித்தாள். பாஷை தெரியாத பெண் எதற்குச் சிரிக்கிறாள் என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அப்போது மேகாவின் அம்மா பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஒரு டம்ளர் நீட்டினார். ரத்தச் சிவப்பில் ஏதோ ஒரு பழத்துச் சர்பத். மற்றவர்களுக்கு அரை டம்ளர், எனக்கு மட்டும் ததும்பத் ததும்ப. (இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?)

மரியாதைக்கு வாங்கிக்கொண்டு, வேடிக்கை பார்க்கிற சாக்கில் கம்பித் தடுப்போரம் நகர்ந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று இரண்டு தரம் உறுதி செய்துகொண்டு, கையை நீட்டி டம்ளரைப் பள்ளத்தில் கவிழ்த்தேன்.

சர்பத் கீழே போகவில்லை. விருட்டென்று மேலே கிளம்பி, என் தலையைத் தாண்டி, பின்னால் நின்ற மேகாவின் அம்மா முகத்திலும் வெளிர்மஞ்சள் புடவையிலும் மொத்தமாக இறங்கியது. மல்லாந்து துப்பினால் மார்மேல் விழும் என்பார்கள். குனிந்து கொட்டினால் சம்பந்தியம்மா மேல் விழும் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தம்பி முகம் செத்துப்போயிருந்தது. அவன் கல்யாணத்தை நானே அந்தப் பள்ளத்தில் தள்ளிவிட்டேன் என்று நினைக்க அழுகை வந்தது.

மேகா என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, மருந்து இல்லை. சும்மா சர்பத்துதான்."

ஒரு வருஷமாகத் தம்பியிடம் தமிழ் படிக்கிறாளாம். வந்ததிலிருந்து நான் திருவாய் மலர்ந்த அத்தனையும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. பேசாமல் குதித்துவிடலாம் என்று தோன்றியது. (குதித்தாலும் அந்தக் காற்று திருப்பி அனுப்பிவிடும்.)

'மருந்து' என்ற வார்த்தை அம்மாவின் காதிலும் விழுந்துவிட்டது. அப்படியென்றால் என்ன என்று மகளிடம் கேட்டார். இனி அவள் வாயில்தான் இருக்கிறது எல்லாம். மேகா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மராத்தியில் ஏதோ சொன்னாள்.

"இன்னாடா சொல்றா?"

"உனக்கு வயிறு சரியில்லியாம். மருந்து கேக்கறியாம்" என்றான் தம்பி.

அந்த அம்மாள் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். புடவையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஏதோ கறுப்புப் பொடியை என் உள்ளங்கையில் கொட்டினார். என்ன பொடி என்று நான் கேட்கவில்லை. ஆயுசில் முதல் தடவையாகக் கேள்வி கேட்காமல் ஒன்றை விழுங்கினேன். (படு கசப்பு.) விழுங்கிய கையோடு, "கல்யாணத்துக்கு நாள் பாருடா" என்றேன்.

வருஷம் ஆறாகிறது. மேகா இப்போது எங்களைவிட நன்றாக விழுப்புரத் தமிழ் பேசுகிறாள். உங்கள் கல்யாணம் எப்படி முடிவானது என்று யார் கேட்டாலும், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வாள்:

"அது ஒண்ணுமில்லீங்க. எங்க அம்மா அக்காவுக்கு மருந்து வச்சிட்டாங்க."