முந்நூறு பனியன்களும் ஒரு பெண் விஞ்ஞானியும்

அறிவியலில் சாதித்த பெண்களைப் போற்றுவது என்று எங்கள் விழாக் குழு தீர்மானித்தது. குழுவில் பதினோரு பேர். பதினோரு பேரும் ஆண்கள் என்பதால் விவாதம் சுமுகமாக முடிந்தது. செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை எழுதியவன் அடியேன்.

போற்றப்பட வேண்டியவர் டாக்டர் இந்துமதி, சாமளாபுரத்துத் தறிக்காரர் மகள். டெங்குக் கொசுவின் முட்டையை எட்டு வருஷமாக ஆராய்கிறவர். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். ஆகவே வீட்டுக்கு ஒரு நீல டிரம் நிச்சயம். "மழைக்கு முன்னால் லைன் வீட்டுப் பெண்களிடம் இந்த டிரம்மைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச விடுங்கள், இந்த வருஷமாவது பிள்ளைகள் காய்ச்சல் வார்டில் கிடக்க வேண்டாம்" என்று கடிதம் எழுதியிருந்தார். குழு அதை 'நேரம் இருப்பின்' என்று திருத்தி ஏற்றுக்கொண்டது.

எங்கள் ஊரில் எந்தக் காரியத்துக்கும் முதல் வேலை பனியன் அடிப்பது. மாரத்தான், ரத்ததானம், காதுகுத்து, எதுவானாலும் சரி. குழுத் தலைவர் அர்த்தநாரியின் கம்பெனியிலேயே முந்நூறு பீஸ் ஓட்ட ஏற்பாடாயிற்று. ரோஸ் கலர். நெஞ்சில் 'நானும் ஒரு பெண் விஞ்ஞானி' என்று பிரிண்ட்.

"லேடீஸுக்கு எத்தன பீசுங்க?" என்று கேட்டேன்.

"சைஸ் தெரிஞ்சாத்தானுங்க அடிக்க முடியும்?" என்றார் அர்த்தநாரி.

"கேட்டுப்போடலாமுங்களா?"

"பொம்பளைங்ககிட்டப் போயி சைஸ் கேக்கறதுங்களா? நம்மூரு மருவாதி என்னத்துக்கு ஆகறது?"

மரியாதை காப்பாற்றப்பட்டது. முந்நூறும் ஆண்களுக்கே தயாராயின. சாப்பாட்டுக்கு வெளி ஆட்கள் புகுந்துவிடக் கூடாதே என்று, பனியன் அணிந்தவருக்கு மட்டுமே அனுமதி என ஒரு சுற்றறிக்கையும் விட்டோம். கையெழுத்து அடியேன்.

விழாவன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. முந்நூறு பெண் விஞ்ஞானிகள் மீசையை முறுக்கிக்கொண்டு ஏசியில் உட்கார்ந்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த தையல்காரப் பெண்கள் அறுபது பேர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர்களோடு இந்துமதியும் நின்றார்.

"அந்த பேனர்ல இருக்கறது நான்தானுங்க" என்று அவர் விளக்கினார்.

காவலாளி ராக்கையா, ராமநாதபுரம் பக்கத்து ஆள், பேனரைப் பார்த்தார். இந்துமதியின் முகத்தைப் பார்த்தார். "நீங்கதேன் தாயி, சந்தேகமே இல்ல. ஆனா பனியன் இல்லையே."

என்னைக் கூப்பிட்டார்கள். சுற்றறிக்கையில் விதிவிலக்குக்கு இடமில்லை. "குழுவக் கேட்டுச் சொல்றனுங்க மேடம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். குழு மேடையில் இருந்தது. மேடையில் இருக்கும் குழுவை எழுப்பிக் கேட்பது மரபல்ல.

பெண்ணின் பெருமை குறித்து அர்த்தநாரி ஐம்பது நிமிஷம் பேசினார். பிறகு விருது. பெயரை இரண்டு முறை அழைத்தோம், ஆளைக் காணோம். "பெரிய படிப்புப் படிச்சவங்க, நேரமிருக்காதுங்க" என்று பெருந்தன்மையோடு அர்த்தநாரியே மன்னித்து, பொன்னாடையையும் இந்துமதி சார்பில் தாமே போர்த்திக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே எட்டிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காவலாளியின் டிரம்மைச் சாய்த்துப் போட்டு நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியக் கொட்டுனா மட்டும் பத்தாது கண்ணு. முட்டை சுவத்துல ஒட்டிக்கும். காஞ்சு போனாலும் மாசக்கணக்கா உசுரோட கெடக்கும். வாரம் ஒருக்கா இப்பிடித் தேச்சு..."

பெண்கள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்கள். ராக்கையா இன்னொரு நாரைத் தேடி ஓடினார். இதற்குள் குரூப் போட்டோவுக்குக் கூப்பிடவே, நான் உள்ளே போய்விட்டேன்.

"அந்தம்மா என்னதானுங்க சொன்னாங்க?" என்று வீட்டில் மனைவி சித்ராதேவி கேட்டாள்.

"ரொம்ப அருமையாப் பேசுனாங்க" என்றேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

மழை வந்தது. அந்த அறுபது பேர் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து ஒரு பிள்ளைகூடக் காய்ச்சலோடு வரவில்லை என்று நர்ஸ் ஆச்சரியப்பட்டாள். அவள் அதை என்னிடம் சொன்னது வார்டில். நான் நான்காம் கட்டில், அர்த்தநாரி மூன்றாம் கட்டில். பாக்கி ஒன்பது பேரும் எதிர்வரிசை.

குழு முழுமையாகக் கூடியிருந்ததால் அங்கேயே கூட்டம் நடத்தினோம். இடது கையில் டிரிப்ஸ் ஏற, வலது கையால் தீர்மானத்தை எழுதினேன்: 'இவ்வளவு முக்கியமான விஷயத்தை டாக்டர் இந்துமதி அவர்கள் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவராமல் விட்டது குறித்து இக்குழு தனது ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு செய்கிறது.'