பின்னறையில் இழுப்பு குறைவாம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். வீடும் நலம். வீட்டின் நலத்தைத் தனியாக எழுதவேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவர் நீங்கள்.

வந்தோமா, சாப்பிட்டோமா, படுத்தோமா என்று இருந்திருக்கலாம். பூமியின் இழுப்பை அளக்க வேலைக்குக் கொண்டுபோகும் கருவியை அறை அறையாக வைத்து அளந்தீர்கள். அடியில் பாறை இருந்தால் பூமி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், பொந்து இருந்தால் குறைவாக இழுக்கும் என்றீர்கள். தெருவில் லாரி போனாலே முள் ஆடும் என்று சொல்லி, அடுப்படியில் உங்கள் அத்தையை அசையாமல் நிற்கவைத்தீர்கள். தும்மலை அடக்கி அடக்கி அவருக்கு இன்னும் மூக்கு சரியாகவில்லை. நடுநடுவே வாசற்படிக்கே திரும்பிவந்து மறுபடி அளந்தீர்கள். கேட்டதற்கு, "கருவியோட ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமா தளரும் மாமா, அதனால வர்ற வித்தியாசத்தைக் கழிக்கணும்" என்றீர்கள். தளர்கிற ஸ்பிரிங்கை நம்பி, தளராத என் வீட்டின்மேல் பழி போட்டீர்கள். கடைசியில், "பின்னறைக்கு அடியில பெரிய பொந்து இருக்கு. காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

காலி பண்ண மாட்டேன். அது என் மகளின் அறை. அவள் உங்களோடு வந்த பிறகும் அவள் கட்டிலை நான் நகர்த்தவில்லை. இழுப்பு குறைவு என்றால் எடை ஏற்றி நிரப்பவேண்டியதுதானே? இரும்பு பீரோ, தையல் இயந்திரம், பழைய மோட்டார், சிமெண்டு மூட்டைகள் எல்லாவற்றையும் அங்கே ஏற்றினேன். பீரோவைத் திருப்பியதில் கதவுநிலை பெயர்ந்தது, எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதும் போதாது என்று தோன்றவே, என் மச்சினனை வரவழைத்துக் கட்டிலில் உட்காரவைத்தேன். அவனைத்தான் பார்த்திருக்கிறீர்களே, அவன் உட்கார்ந்தால் சோபாவில் வேறு யாருக்கும் இடம் இருக்காது.

"அத்தான், தரை லேசா முனகுதே" என்றான்.

"முனகட்டும். எடை ஏறுதுன்னு அர்த்தம்" என்றேன்.

இனி வந்து அளந்து பாருங்கள். இழுப்பு கூடியிருக்கும். என் மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கருவிக்குக் கிடையாது.

இப்படிக்கு,
அசையாத மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒரு சத்தம். பீரோ, மோட்டார், மூட்டை எல்லாம் கீழே போய்விட்டன. மச்சினன் கட்டிலோடு இறங்கியிருக்கிறான். அடி ஒன்றும் இல்லை. "அத்தான், இங்க குளுகுளுன்னு இருக்கு" என்று குரல் வருகிறது. இதைப் பக்கத்து வீட்டு டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர் வண்டியிலேயே நீளமான ஏணியோடு வாருங்கள். நீங்கள் சொன்னபடியே அறை காலியாகிவிட்டது. உங்கள் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை ஒதுக்கச் சொல்லி மகளிடம் நீங்களே பேசுங்கள். அவளிடம் கட்டிலைப் பற்றி மட்டும் சொல்லவேண்டாம்.