நான் உயர் அதிகாரியான கதை

கோட்டுப் போட்ட அதிகாரி டிவியில் வந்து தண்ணீரைப் பற்றி என்ன சொன்னாலும் நாம் நம்புவதில்லை. யாரென்றே தெரியாத ஒருவன் வாட்ஸ்அப்பில் இருமிவிட்டுப் பேசினால் அப்படியே நம்பிவிடுகிறோம். இதை நான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. அந்த இருமல் என்னுடையது.

செலாயாங்கில் எங்கள் தாமானில், குடியிருப்பு முழுவதும், தண்ணீர் நின்றுபோயிருந்த வாரம் அது. சாயங்காலம் வரும் என்றார்கள், பிறகு மறுநாள் காலை என்றார்கள், அப்புறம் கட்டம் கட்டமாக வரும் என்றார்கள். (எந்தக் கட்டமும் எங்க பக்கம் வரல.) ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே தங்கை கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். கிள்ளானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் நிறைய வருவதாக இருந்தது.

சனிக்கிழமை காலை தண்ணீர் இலாகாவின் லோரி வந்தது. நான் பிடித்த வாளியில் தண்ணீர் லேசாக மஞ்சளாகத் தெரிந்தது. (வாளியே மஞ்சள் என்பது பிறகுதான் உறைத்தது.) வந்த எரிச்சலில் நண்பர்கள் குழுவுக்கு ஒரு குரல் பதிவு தட்டிவிட்டேன். ரவாங் பக்கம் ஈயம் தோண்டிய பழைய ஈயக்குட்டையிலிருந்து இறைக்கிறார்கள், சமைக்கவே கூடாது, இலாகாவுக்குள் இருக்கிற ஆளே சொன்னார் என்று இருமி, தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பீரமாகப் பேசினேன். எனக்கு இலாகாவில் வாட்ச்மேனைக்கூடத் தெரியாது. பேசும்போது பின்னால் அம்மா என்னவோ கத்திக்கொண்டிருந்தார், நான் வழக்கம்போல் காதில் வாங்கவில்லை.

மத்தியானத்துக்குள் அது கிள்ளான் பெரியம்மா வழியாக எனக்கே திரும்பி வந்தது. மேலே, 'தண்ணீர் இலாகா உயர் அதிகாரி எச்சரிக்கை' என்று போட்டிருந்தது. கொஞ்ச நேரம் நானே நம்பிவிட்டேன். நான் சந்தேகப்பட்டது சரிதான், அதிகாரியே சொல்லிவிட்டாரே என்று. அப்புறம்தான் அந்த இருமலை எங்கேயோ கேட்டது போலிருந்தது.

ஞாயிறு காலை சமையல்காரர் மூர்த்தி அண்ணன் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். லோரித் தண்ணீரில் அரிசி போட மாட்டாராம். கடைகளிலோ போத்தல் தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது. வாசலில் லோரி நிரம்பி நின்றது, பிடிக்க ஒருவரும் இல்லை. லோரியோடு வந்திருந்த இளம் தமிழ் அதிகாரி, சோதித்த தண்ணீர்தான் என்று வீடு வீடாகச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார்.

நான் வீரமாக ஒரு குவளை பிடித்து எல்லார் முன்னாலும் குடித்துக் காட்டினேன்.

"நல்ல தண்ணிதான் லா அண்ணே. எனக்கு என்ன ஆச்சு, பாருங்க."

"தம்பி, பெரிய ஆபீசரே வேணாங்கிறாரு. நீங்க யாரு?" என்றார் மூர்த்தி அண்ணன்.

எதிர்வீட்டு ஆன்டி ஒரு படி மேலே போய், இலாகாக்காரன் எனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று விசாரித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கிள்ளானில் கிளம்ப நின்ற பஸ்ஸிலிருந்து எனக்குப் போன், ஸ்பீக்கரில் போட்டேன். ஆபீசரே சொன்ன பிறகு எதற்கு ரிஸ்க், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்றார் மாப்பிள்ளையின் அம்மா. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கதவோரம் நின்று கவிதா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் அவசர வாயை அன்றைக்கு வெறுத்ததுபோல் என்றைக்கும் வெறுத்ததில்லை.

போனை வைக்க வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு, அந்த ஆபீசர் நான்தான் என்று சொன்னேன். அதையும் யாரும் நம்பவில்லை. மூர்த்தி அண்ணனின் போனை வாங்கி, முழுச் சத்தத்தில், கடைசிவரை ஓடவிட்டேன். ஈயக்குட்டை வந்தது, இருமல் வந்தது, எல்லாம் முடிகிற இடத்தில் தூரத்திலிருந்து ஒரு குரலும் வந்தது.

"டேய் குமாரு, பல்லுகூட வெளக்காம யார்கிட்டடா பேச்சு? போயி அடுத்த வாளியப் புடி."

தெருவே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

"நான் சொன்னதுல என்ன தப்பு?" என்றார் அம்மா, அதே குரலில்.

இளம் அதிகாரி மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "பாஸ், எங்க டிபார்ட்மென்ட்ல உங்களுக்கு என்ன போஸ்ட்?"

போனில் முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் பஸ்ஸே சிரித்தது. மூர்த்தி அண்ணன் அண்டாவை நிமிர்த்தினார். சாப்பாடு தாமதம்தான், நிச்சயதார்த்தம் நடந்துவிட்டது. வந்தவர்கள் எல்லார் கையிலும் கிள்ளானில் நிரப்பிய போத்தல் இருந்தது. (நம்பிக்கையும் எங்க தாமானுக்குக் கட்டம் கட்டமாத்தான் வரும்.)

கவிதாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எங்கே தண்ணீர் நின்றாலும் அந்தப் பதிவு மறுபடி கிளம்பிவிடுகிறது. மறுத்துப் பார்த்துவிட்டேன், கேட்பார் இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பதவி உயர்வு வேறு. மாப்பிள்ளைதான் அதை முதலில் எனக்கு அனுப்புவார், 'வாழ்த்துகள் மச்சான்' என்று போட்டு.

போன மாதம் வந்ததில் நான் டைரக்டர். பல் மட்டும் இன்னும் விளக்கவில்லை.