மாமிக்கு நான் செய்த செய்வினை

லண்டனில் ஐம்பதைத் தொடும் யாழ்ப்பாணத்து ஆண்களுக்குத் திடீரென்று ஏதாவதொரு பைத்தியம் பிடிக்கும். சிலருக்குப் பாட்மிண்டன், சிலருக்குக் கோயில் நிர்வாக சபை. எனக்கு அக்காடிய மொழி பிடித்தது. (பிடித்தது என்ன, பிடித்து ஆட்டியது!) பகலில் கணக்காளர் வேலை. புதன்கிழமை மாலைகளில், ஈராக்கில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் களிமண்ணில் குத்தி எழுதிய அந்த மொழிக்கு வகுப்பு. "இஞ்ச பாருங்கோ, எங்கடை பிள்ளையளுக்கே தமிழ் எழுத வராது, உங்களுக்கு இது தேவையோ?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான்.

அங்கே ஒரு சொல் என்னை மயக்கிவிட்டது: பலாட்டு. உயிரோடிருப்பதற்கும் அதுதான், நோயிலிருந்து மீள்வதற்கும் அதுதான். நடு மெய்யை இரட்டித்தால் 'வாழவைப்பது', 'குணமாக்குவது'. முன்னால் 'லி' சேர்த்தால் 'வாழவைக்கட்டும்'. மூன்று மெய்யெழுத்துக்குள் ஒரு முழு ஆஸ்பத்திரியே இருந்தது. அந்தச் சனங்கள் கடிதம் எழுதும்போது தொடக்கத்திலேயே "தெய்வங்கள் உன்னை வாழவைக்கட்டும்" என்று வாழ்த்துவார்களாம்.

அந்த நேரம்தான் கிங்ஸ்பரி வீட்டில் எங்களோடு இருந்த மாமிக்கு, அதாவது மனைவியின் தாயாருக்கு, பைபாஸ் செய்யத் திகதி வந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த திகதி. தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசி. மேதாவி மருமகன் சும்மா இருப்பேனா? வாழ்த்து எழுத வேண்டும் என்று, வெட்டிய சாப்ஸ்டிக்கால் களிமண்ணில் அந்த வரியைக் குத்தி, கேக் சுடும் அடுப்பில் வைத்துச் சுட்டேன். கருகிவிட்டது. கையில் கிடைத்த சிவப்புப் பட்டுத்துண்டில் சுற்றி, மாமியின் ஆஸ்பத்திரிப் பையின் அடியில் ஒளித்து வைத்தேன். அங்கே போய்த் திறந்து பார்த்து மகிழ்வார் என்று நினைப்பு.

அன்று பின்னேரமே திறந்துவிட்டார். கருகிய மண், கீறல் கீறலாக எழுத்து, சிவப்புத் துணி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஐயோ, ஆரோ செய்வினை செய்து வைச்சிருக்கினம்! நான் ஒப்பரேசனுக்குப் போகமாட்டன்!"

மனைவி அழத் தொடங்கினாள். மாமி அடுத்த குண்டையும் போட்டார். "தம்பி, கோவிக்காதையுங்கோ. போன கிழமை உங்கடை அம்மாதான் வந்து இந்த அறையில இருந்தவ."

இனியும் வாயைத் திறக்காவிட்டால் பெற்ற தாய் சூனியக்காரி ஆகிவிடுவார்.

"மாமி, அது... நான்தான்."

"நீங்களோ!" (அந்த ஓகாரம் இன்னும் காதில் நிற்கிறது.)

துண்டை எடுத்து வாசித்துக் காட்டினேன். "ஷமாஷ் ஊ மர்துக் லிபல்லிட்டூகி." மாமி காதைப் பொத்திக்கொண்டார். மந்திரம் மாதிரித்தான் கேட்டிருக்கும், பாவம்.

"ஷமாஷ் எண்டால் சூரிய பகவான், மாமி. மர்துக் பாபிலோன் ஊர்க் கடவுள். ரெண்டு பேரும் உங்களை வாழவைக்கட்டும் எண்டுதான் எழுதினனான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் பலாட்டுவில் தொடங்கி இலக்கணம் முழுவதையும் கொட்டினேன். மறுநாள் நெஞ்சைத் திறக்கப்போகிற நோயாளிக்கு வினைச்சொல் பாடம் நடத்திய மருமகன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாமி மெல்லக் கையை இறக்கினார். "பொறுங்கோ. உயிர் தப்பிறதுக்கும் வாழுறதுக்கும் அவைக்கு ஒரே சொல்லோ?"

"ஓம் மாமி."

கருகல் துண்டை வாங்கி விரலால் தடவினார். "சண்டைக்குள்ள குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள கிடக்கேக்க எங்களுக்கும் ரெண்டும் ஒண்டாத்தான் இருந்தது."

மண்ணோடு மண்ணாகிப்போன, முகம் தெரியாத சனங்களின் சொல்லொன்று, கிங்ஸ்பரியில் கட்டிலில் இருந்த என் மாமிக்கு விளங்கிவிட்டது. மாமி துண்டைத் திருப்பித் தந்தார். "சரி, அதைப் பைக்குள்ள வையுங்கோ" என்றார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. துண்டு இப்போது சந்தனம் குங்குமத்தோடு சாமி அறையில் இருக்கிறது. லண்டனின் மறுகோடியான தோர்ண்டன் ஹீத்திலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும், தேத்தண்ணி வருமுன்னரே மாமி என்னைக் காட்டிச் சொல்லிவிடுவார்:

"இவர்தான் எனக்குச் செய்வினை செய்த மருமகன். அதாலதான் இருக்கிறன்."